காற்று ஓய்ந்தபின் தொடங்கும் பணி



ஓர் ஊரைக் காற்று அழித்துவிட்டால் மறுநாட் காலையில் என்ன நடக்கும் என்பதை நாம் யாவரும் அறிவோம். அயலூரார் சோற்றுப் பொதிகளோடு வருவர். பாடசாலையில் பாய் விரிக்கப்படும். ஆலய மண்டபத்தில் உடுபுடைவை குவியும். இளைஞர் கத்தியும் கயிறுமாக வந்து, விழுந்த மரங்களை வெட்டி வழி திறப்பர். இவை யாவும் நல்லவை. கட்டாயம் செய்யப்பட வேண்டியவை. ஆனால் மூன்று மாதம் கழிந்தபின், கூரையில்லாத வீட்டின் முற்றத்தில் ஒரு தாய் அரசாங்கக் கடிதமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருப்பது விளங்காமல் நிற்கும்போது அவளருகே நிற்பவர் யார்? இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

இதைப் படிப்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள ஜொப்லின் என்னும் நகரை எடுத்துக்கொள்வோம். செல்வம் மிகுந்த நாடாயிற்றே, அங்குள்ளவர்களிடம் நாம் கற்க என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அந்த நாட்டிலும் அரசாங்க உதவி தானாக வீட்டு வாசலுக்கு வருவதில்லை. அதைக் கேட்டுப் பெறவேண்டும். கேட்கும் வழி தெரியாதவர் அங்கும் பின்தங்கிப் போகிறார். அவர்களுக்குத் துணைநின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதே நமக்குப் பாடம்.

சூறாவளி வேறு, சுழல்காற்று வேறு

கிழக்கு மாகாணத்து வாசகர்களுக்குச் சூறாவளி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை முதியோர் இன்றும் பேசுகின்றனர். அது கடலிலே பிறந்து, பல நாள் வளர்ந்து, பல நூறு மைல் பரப்பை மூடிவரும் காற்று. அமெரிக்கர் டொர்னாடோ என்று அழைக்கும் சுழல்காற்று இன்னொரு வகை. அது பெரும்பாலும் தரையின்மேல், கடும் இடிமுகிலின் வயிற்றிலே பிறக்கிறது. முகிலிலிருந்து நிலம் வரை யானையின் துதிக்கைபோல் இறங்கிச் சுழன்று செல்கிறது. சில நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை அதன் ஆயுள். அகலமோ பெரும்பாலும் சில நூறு யார் மட்டுமே. அமெரிக்காவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,200 சுழல்காற்றுகள் பதிவாகின்றன. அவற்றின் வலுவைச் சேதத்தைப் பார்த்துப் பூச்சியம் முதல் ஐந்து வரை தரப்படுத்துவர்.

இவ்வேற்றுமையை ஏன் இங்கு சொல்கிறோம்? உதவி கிடைக்கும் விதமும் இதனாலேயே மாறுகிறது. சூறாவளி ஒரு மாவட்டத்தையே விழுத்திவிடும். நாடு முழுவதும் அதை அறியும். சுழல்காற்றோ ஒரு தெருவைத் துடைத்தெடுத்துவிட்டு அடுத்த தெருவில் பூச்சாடியைக்கூட அசைக்காமல் போகும். இதில் ஒரு நன்மை உண்டு: அடுத்த தெருவார் உடனே ஓடிவந்து உதவ முடியும். ஒரு தீமையும் உண்டு: நாற்பது வீடுகள் மட்டும் அழிந்த சிற்றூர் நாட்டின் கணக்கில் சிறிய சேதம். மத்திய அரசு உதவிக்கு வரவேண்டுமாயின் மாநிலத்தின் சக்திக்கு மிஞ்சிய சேதம் நடந்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. எனவே நாற்பது குடும்பங்களின் வாழ்வு முற்றாக அழிந்தும், விதியின் அளவைத் தொடாமையால் அவர்களுக்கு மத்திய அரசின் பணம் கிடைக்காமற் போவதுண்டு. அழிவு பெரிதாயிருந்தால் உதவியும் பெரிதாக வரும். அழிவு சிறிதென்றால் அயலவரே கதி. அழிந்த வீட்டாருக்கோ அழிவு எப்போதும் பெரிதுதான்.

ஜொப்லின் நகரின் ஞாயிறு மாலை

2011ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஐம்பதினாயிரம் பேர் வாழும் அந்நகரில் உயர்தரப் பாடசாலை மாணவர்களின் பட்டமளிப்பு விழா பல்கலைக்கழக மண்டபத்தில் அப்போதுதான் முடிந்திருந்தது. மாலை 5.11 மணிக்கு அபாயச் சங்கு ஒலித்தது. அவ்வூரில் அச்சங்கு அடிக்கடி ஒலிப்பது வழக்கம். ஆதலால் பலர் அதை உடனே பொருட்படுத்தவில்லை என்று பின்னர் அரசாங்க நிபுணர்கள் நடத்திய ஆய்வு எடுத்துக்காட்டியது. அரை மணித்தியாலம் அளவில் சுழல்காற்று நகருக்குள் நுழைந்தது. அது ஐந்தாம் தரத்தது; அதன் வேகம் மணிக்கு 200 மைலுக்கு மேல்; அகலம் சில இடங்களில் ஒரு மைல் வரை; அது சென்ற பாதையின் நீளம் ஏறத்தாழ 22 மைல். 161 பேர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். ஏறத்தாழ 7,500 வீடுகள் சேதமடைந்தன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முற்றாக அழிந்தன. 1950ஆம் ஆண்டில் முறையான பதிவுகள் தொடங்கிய பின்னர் அந்நாட்டில் தனியொரு சுழல்காற்று இத்தனை உயிர்களைக் குடித்ததில்லை.

கத்தோலிக்கரான நமக்கு அச்செய்தியில் இரண்டு விடயங்கள் நெருக்கமானவை. ஒன்று, புனித மரியாள் ஆலயம். ஆலயமும் பங்குப் பாடசாலையும் குருமனையும் தரைமட்டமாயின. பங்குத்தந்தை குருமனையின் குளியல் தொட்டிக்குள் படுத்து உயிர்தப்பினார். ஆலயத்தின் பெரிய இரும்புச் சிலுவை மட்டும் இடிபாட்டின் நடுவே நிமிர்ந்து நின்றது. அதன் படம் உலகெங்கும் பிரசுரமானது. மற்றொன்று, இரக்கத்தின் அருட்சகோதரிகள் வழிவந்த புனித யோவான் வைத்தியசாலை. காற்று மோதியபோது அங்கே 183 நோயாளர்கள் இருந்தனர். யன்னல்கள் சிதறின, மின்சாரம் நின்றது, மாற்று மின்பொறியும் பழுதாயிற்று. சில நோயாளர்கள் அங்கேயே உயிர்நீத்தனர். மற்றோரை ஊழியர்கள் இருட்டிலே படிக்கட்டு வழியே கதவுப் பலகைகளிலும் மெத்தைகளிலும் சுமந்து இறக்கினர். ஒன்றரை மணித்தியாலத்தில் கட்டடம் காலியாயிற்று. ஒரு வாரத்துக்குள் கூடாரங்களில் வைத்தியசாலை மீண்டும் இயங்கியது. நிர்வாகம் ஊழியரை வேலையிலிருந்து நிறுத்தாமல் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. 2015ஆம் ஆண்டில் புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது.

அரசாங்க உதவி வரும் வழி

அந்நாட்டில் அனர்த்த உதவிக்கு அடிப்படையானது 1988ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்ட் சட்டம். அச்சட்டப்படி உதவி மூன்று படிகளைத் தாண்டி வரவேண்டும். முதலில் உள்ளூர் அதிகாரிகள் சேதத்தை மதிப்பிட்டு மாநில அரசுக்கு அறிவிக்க வேண்டும். அடுத்து மாநில ஆளுநர் மத்திய அரசிடம் கேட்க வேண்டும். பின்னர் நாட்டின் ஜனாதிபதி அதைப் பெரும் அனர்த்தமாகப் பிரகடனம் செய்யவேண்டும். அதன்பிறகே ஃபீமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய அவசரகால முகாமைத்துவ நிறுவனம் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கலாம்.

ஜொப்லினுக்கு இப்பிரகடனம் மறுநாளே கிடைத்தது. அதே வசந்தகாலப் புயல்களுக்காக மே 9ஆம் நாள் மிசூரி மாநிலத்துக்குப் பிரகடனம் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்ததால், ஜொப்லின் அமைந்துள்ள இரு மாவட்டங்களையும் அதனோடு சேர்ப்பது எளிதாயிற்று. எல்லா ஊருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. 2025 மே 16ஆம் நாள் அதே மாநிலத்தின் சென் லூயிஸ் நகரில், ஏழைகள் நிறைந்த வடபகுதியைச் சுழல்காற்று தாக்கியது. அவர்களுக்கான பிரகடனம் ஜூன் 9ஆம் நாளே வந்தது. மூன்று வாரத்துக்கு மேல் கூரையற்ற வீடுகளில் மக்கள் காத்திருந்தனர்.

பிரகடனத்தின்பின் உதவி இரு வாய்க்கால்களில் ஓடுகிறது. ஒன்று குடும்பங்களுக்கு: தற்காலிக இருப்பிடம், வீடு திருத்தும் செலவு, முக்கியமான தளபாடம், மருத்துவம், ஈமச் செலவு. வாடகை வீட்டில் இருந்தவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் அறியார். மற்றது பொதுச் சொத்துக்கு: இடிபாடு அகற்றல், வீதி, பாடசாலை, வடிகால். இவற்றோடு, சிறு தொழில்களுக்கான அரசாங்க நிறுவனம் வீட்டுக்காரருக்கும் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். அரசாங்கத்தின் இந்த உதவி இழந்ததையெல்லாம் திருப்பித் தருவதற்கன்று. ஒரு குடும்பம் பாதுகாப்பாக ஒதுங்கி வாழத்தக்க நிலைக்கு வருவதற்கே அது. 2011இல் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய ஆகக்கூடிய தொகை 30,200 டொலர். புதிய வீடு கட்ட அது போதாது. அத்தொகை முழுவதும் எல்லாருக்கும் கிடைப்பதுமில்லை. ஜொப்லினில் வீடு கட்டிய பணத்தின் பெரும்பகுதி காப்புறுதியிலிருந்தே வந்தது. காப்புறுதி இல்லாதவருக்கும், போதியளவு இல்லாதவருக்குமே பாதை நீண்டது.

வாசலில் நிற்கும் தடைகள்

ஒரு விதவைத் தாயை எண்ணிப் பாருங்கள். அவள் வாழ்ந்த வீடு தகப்பன் பெயரில் இருக்கிறது. தகப்பன் இறந்து பல ஆண்டுகள். உறுதி மாற்றி எழுதப்படவில்லை. சகோதரர் மூவர் வேறு வேறு ஊரில். அவள் வீட்டுக்குள் இருந்த கடதாசிகள் யாவும் காற்றோடு போயின. அதிகாரி வந்து, இவ்வீடு உம்முடையது என்பதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்கிறார். அவள் என்ன சொல்வாள்?

இஃது ஒரு கற்பனைத் தாய்தான். ஆனால் அவளைப் போன்றோர் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் உள்ளனர். பரம்பரையாகப் பிரிக்கப்படாமல் கைமாறிய காணிகளில் வாழும் ஏழைகள், பல ஆண்டுகளாக ஒவ்வோர் அனர்த்தத்தின் பின்னும் இக்காரணத்தால் தள்ளப்பட்டனர். சட்ட உதவியாளரும் சமய நிறுவனங்களும் இடைவிடாது எடுத்துரைத்ததன் பயனாக 2021ஆம் ஆண்டில் ஃபீமா தன் விதியைத் தளர்த்தியது. உறுதி இல்லாதவர் வரிச் சீட்டையோ, வீட்டைத் திருத்தியதற்கான பற்றுச்சீட்டையோ, பொது அதிகாரி ஒருவரின் கடிதத்தையோ காட்டலாம். எதுவுமே இல்லையாயின் தாமே எழுதிக் கையொப்பமிட்ட வாக்குமூலமும் ஏற்கப்படலாம். பொறுமையோடு கேட்டுக்கொண்டே இருந்தால் விதியும் மாறும் என்பதற்கு இஃதொரு சான்று.

இரண்டாவது தடை, வரும் கடிதம். விண்ணப்பித்த பலருக்கு முதலில் வருவது 'தகுதியில்லை' என்னும் சொல் உள்ள கடிதமே. வாசித்தவர் மனமுடைந்து அதை மடித்து வைத்துவிடுவர். உண்மையில் அச்சொல்லின் பொருள் பல வேளைகளில் 'இல்லை' என்பதன்று. 'ஒரு கடதாசி குறைகிறது' என்பதே. காப்புறுதிக் கம்பனியின் முடிவுக் கடிதம் இணைக்கப்படாமல் இருக்கலாம். கையொப்பம் விடுபட்டிருக்கலாம். ஒரே வீட்டிலிருந்து இருவர் தனித்தனியே விண்ணப்பித்திருக்கலாம். மதிப்பிட வந்தவர் சேதத்தின் ஒரு பகுதியைக் காணாது போயிருக்கலாம். கடிதம் எழுதப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யும் உரிமை உண்டு. அந்த அறுபது நாளைத் தவறவிட்டவருக்குப் பின்னர் வருந்துவதே மிஞ்சும்.

மூன்றாவது தடை, வெட்கம். கைநீட்டிப் பழகாத குடும்பங்கள், எங்களைவிட இல்லாதவர் இருக்கிறார்களே என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வர். அமெரிக்காவின் கிராமப்புற மக்களிடமும் இக்குணம் உண்டு, நம்மவரிடமும் உண்டு. இங்கே பிச்சையையும் உரிமையையும் வேறுபடுத்திக் காண வேண்டும். மக்கள் செலுத்திய வரிப்பணமே அனர்த்த காலத்தில் மக்களிடம் திரும்பி வருகிறது. ஒருவர் விண்ணப்பிக்காமல் விட்டால் அவர் பங்கு இன்னோர் ஏழைக்குப் போய்ச் சேரும் என்பதுமில்லை. மேலும், விண்ணப்பித்தோரின் தொகையைக் கொண்டே ஊரின் இழப்பு அளவிடப்படுகிறது. ஆகவே கூச்சத்தால் ஒதுங்குபவர் தம்மை மட்டுமன்றித் தம் ஊரையும் குறைத்துக் காட்டுகிறார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. இல்லாத சேதத்தை உண்டென்று எழுதுவது களவு. அதனால் அதிகாரிகளின் சந்தேகம் வளர்கிறது; அச்சந்தேகத்தின் சுமை உண்மையான ஏழையின் தலையிலேயே விழுகிறது. உள்ளதை உள்ளபடி, முழுமையாக எழுதுவதே நீதி. கூட்டியும் எழுத வேண்டாம். குறைத்தும் எழுத வேண்டாம்.

எழுதி வைத்தது காப்பாற்றியது

ஜொப்லின் நகரத்தின் கதையில் நம் சிந்தையைத் தொட்ட பகுதி இதுதான்.

புனித யோவான் வைத்தியசாலை 2011 மே முதலாம் நாள், அதாவது அழிவுக்கு மூன்றே வாரம் முன்னர், நோயாளரின் குறிப்புகளைக் கணினியில் பதியும் முறைக்கு மாறியிருந்தது. காற்று வீசியபோது பழைய கடதாசிக் குறிப்புகளும் எக்ஸ்ரே படங்களும் பறந்து சென்று, 70 மைல் தொலைவில் மக்களின் முற்றங்களில் விழுந்தன. ஆனால் புதிதாகப் பதியப்பட்ட குறிப்புகள் வேறோர் இடத்தில் பத்திரமாயிருந்தன. எந்த நோயாளருக்கு எந்த மருந்து என்பது பிற வைத்தியசாலைகளிலும் கூடாரத்திலும் இருந்த வைத்தியர்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்று வாரத்துக்கு முந்திய ஒரு சலிப்பான எழுத்துவேலை உயிர்காக்கும் வேலையாயிற்று.

இரண்டாவது, தொண்டர்களின் கணக்கு. நாடெங்குமிருந்து ஜொப்லினுக்குத் தொண்டர்கள் திரண்டனர். பதிவு செய்தோர் மட்டும் ஒரு இலட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேல். அமெரிக்கோர் என்னும் சேவைப் படையின் இளைஞர்கள் அன்றிரவே வந்து, பல்கலைக்கழகத்தில் ஒரு நிலையம் அமைத்து, வந்த ஒவ்வொருவரின் பெயரையும், எங்கே வேலை செய்தார், என்ன வேலை, எத்தனை மணித்தியாலம் என்பதையும் குறித்து வைத்தனர். இடிபாடு தூக்க வந்தவர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதுவது அவ்வேளையில் வீண்வேலைபோல் தோன்றியிருக்கலாம். ஆனால் மத்திய அரசின் விதி ஒன்று இருக்கிறது. பொதுச் சொத்துக்கான செலவில் வழக்கமாக நூற்றுக்கு 75 பங்கை மத்திய அரசு கொடுக்கும். எஞ்சியதை உள்ளூர் மக்கள் ஏற்க வேண்டும். அந்த உள்ளூர்ப் பங்கை முழுவதும் பணமாகவே கட்டவேண்டும் என்பதில்லை. முறையாகப் பதியப்பட்ட இலவச உழைப்பையும் அதன் பெறுமதிக்கேற்ப அக்கணக்கில் சேர்க்கலாம். ஜொப்லினில் ஏறத்தாழ 30 இலட்சம் கன யார் இடிபாடு அகற்றப்பட வேண்டியிருந்தது. தொண்டர்கள் கொடுத்த எட்டு இலட்சம் மணித்தியாலத்துக்கு மேற்பட்ட உழைப்பு எழுத்தில் இருந்தமையால், வீடிழந்து வரி கட்ட வழியற்று நின்ற நகரத்தின் தோளிலிருந்து ஒரு கோடி டொலருக்கு மேற்பட்ட சுமை இறங்கியது. உழைத்த கைகள் ஒரு முறை உதவின; எழுதிய கைகள் அவ்வுதவியை இருமடங்காக்கின.

மூன்றாவது, ஒரு சிறிய காரியம். காற்றில் பறந்த குடும்பப் படங்கள் பல ஊர்களில் வயல்களிலும் வேலிகளிலும் கிடந்தன. அயலூர்த் தேவாலயமொன்றின் மக்கள் அவற்றைச் சேகரித்து, சேறு கழுவி, உலர்த்தி, இலக்கமிட்டு வைத்தனர். முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. திருமணப் படம், முதல் நன்மைப் படம், இறந்த பிள்ளையின் படம் என்று உரியவரைத் தேடிக் கொடுத்தனர். எந்தப் படிவத்திலும் இதற்கு இடமில்லை. எந்த அரசாங்கமும் இதற்கு நட்டஈடு தராது. ஆனால் படத்தைப் பெற்றவரின் கண்ணீருக்கு விலையுண்டோ?

நீண்ட பாதையில் துணை

அனர்த்தத்தின் முதல் மாதத்தில் ஊர் நிறையத் தொண்டர் இருப்பர். ஓராண்டின் பின் பத்திரிகையும் மறந்துவிடும். ஆனால் ஜொப்லினில் அரசாங்கம் கொடுத்த தற்காலிகச் சில்லு வீடுகளில் ஏறத்தாழ 600 குடும்பங்கள் குடியேறின. அவர்களில் கடைசிக் குடும்பங்கள் வெளியேற ஈராண்டுகள் சென்றன. நகரை மீளக் கட்டுவதற்கு மத்திய அரசு ஒதுக்கிய 15 கோடி டொலருக்கு மேற்பட்ட பெருந்தொகை 2012ஆம், 2013ஆம் ஆண்டுகளிலேதான் ஒதுக்கப்பட்டது. இந்த நீண்ட காலத்தில் மக்களைத் தாங்கியவர்கள் யார்?

கத்தோலிக்க கரித்தாசும் பிற சபைகளும் பொதுத் தொண்டர் அமைப்புகளும் சேர்ந்து அங்கே ஒரு முறையைக் கைக்கொண்டன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துணையாளர். அவர் அக்குடும்பத்தோடு அமர்ந்து, இழந்தது என்ன, காப்புறுதி தந்தது என்ன, அரசாங்கம் தந்தது என்ன, இன்னும் குறைவது என்ன என்று ஒரே தாளில் எழுதுவார். முதலில் உரிமையானவை யாவற்றையும் பெற வைப்பார். தேவையானால் மேன்முறையீடு எழுதுவார். அதன்பின்னும் குறைவது இருந்தால் அதை ஒரு பொது மேசைக்குக் கொண்டுசெல்வார். அம்மேசையைச் சுற்றிப் பல சபையாரும் நிறுவனத்தாரும் அமர்ந்திருப்பர். குடும்பத்தின் பெயர் சொல்லப்படாது. குறை மட்டும் சொல்லப்படும். ஒருவர் மரம் தருவேன் என்பார். ஒருவர் தச்சரை அனுப்புவேன் என்பார். இன்னொருவர் கூரைத் தகட்டுக்குப் பணம் தருவேன் என்பார். எவரும் இருமுறை பெறார், எவரும் விடுபடார். ஏழையின் மானமும் காக்கப்படும்.

பாடசாலைகளின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. உயர்தரப் பாடசாலை அழிந்து, ஏழு மாணவர்கள் இறந்திருந்தனர். எனினும் கல்விப் பணிப்பாளர், ஆகஸ்ட் 17ஆம் நாள் பாடசாலைகள் குறித்தபடி தொடங்கும் என்று சில நாட்களுக்குள் அறிவித்தார். அவ்வாறே தொடங்கின. மேல்வகுப்பு மாணவர் ஒரு வணிக வளாகத்தில் வெறுமையாகக் கிடந்த கடையில் படித்தனர். குறித்த நாள் ஒன்று இருந்ததால், ஊரைவிட்டுப் போக எண்ணிய பல குடும்பங்களுக்கு நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. ஓர் ஊர் மீள்வதற்குப் பணம் வேண்டும். ஒரு நாளும் வேண்டும்.

நம் பங்கிலும் வீட்டிலும்

நம் நாட்டில் விதிகள் வேறு, அலுவலகங்கள் வேறு. இங்கே கிராம அலுவலரின் அறிக்கையும் பிரதேச செயலகத்தின் மதிப்பீடும் உதவிக்கு வாசல். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்பின் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது. அதன் அவசரத் தொலைபேசி இலக்கம் 117. ஆனால் கடதாசி இழந்தவர் வாசலில் நின்று தவிப்பது எங்கும் ஒன்றே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது அடையாள அட்டையும் காணி உறுதியும் இழந்து நம் கரையோர மக்கள் பட்ட பாட்டை யார் மறப்பார்? ஆதலால் பின்வருவனவற்றை ஒவ்வொரு குடும்பமும் பங்கும் மனத்திற் கொள்ளட்டும்.

1. பிறப்பு, விவாக, மரணச் சாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளை நீர் புகாத உறையில் ஒரே இடத்தில் வையுங்கள். இன்னொரு பிரதியை வேறூரில் வாழும் நம்பிக்கையான உறவினரிடம் கொடுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வெளியூரிலுள்ள பிள்ளைக்கு அனுப்பி வைத்தாலும் போதும்.

2. பெற்றோர் பெயரிலுள்ள காணியை அவர்கள் உயிரோடிருக்கும்போதே பேசி எழுதி முடியுங்கள். சகோதரருக்குள் இன்று பேசக் கூசும் காரியம் நாளை அனர்த்தத்தில் யாவரையும் வீதியில் விடும்.

3. காற்று ஓய்ந்ததும், ஆபத்தில்லையாயின், எதையும் அப்புறப்படுத்துமுன் சேதத்தைப் படம் எடுங்கள். வீட்டின் நான்கு பக்கமும், ஒவ்வோர் அறையும், உடைந்த பொருளும் தெரியவேண்டும். திருத்தச் செலவின் பற்றுச்சீட்டை எறியாதீர்கள்.

4. ஓர் அலுவலகத்துக்குப் போனால், போன நாள், சந்தித்த அலுவலரின் பதவி, அவர் சொன்னது ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கொடுத்த ஒவ்வொரு படிவத்துக்கும் பிரதி வையுங்கள்.

5. 'இல்லை' என்று வந்த கடிதத்தைத் தனியே வாசிக்க வேண்டாம். படித்த ஒருவரோடு அமர்ந்து, காரணம் என்ன, கடைசி நாள் எது என்று பாருங்கள்.

6. பங்குச் சபை இரண்டு மூன்று பேரை இப்பணிக்கென்றே நியமிக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர், இலிகிதர், தபால் அதிபர் போன்றோர் நம் பங்குகளில் உண்டு. சுமை தூக்க இயலாத அவர்களுக்குப் பேனை தூக்க இயலும். மும்மொழியும் அறிந்த இளம்பெண்ணும் இப்பணியில் பெரிய துணை.

7. பட்டியல் எடுக்கும்போது கத்தோலிக்கர், இந்துக்கள், இஸ்லாமியர் என்று பிரிக்க வேண்டாம். தெருவாக எடுங்கள். படுக்கையிலுள்ள முதியவர், தனித்து வாழும் பெண், வாடகைக்கு இருப்பவர் ஆகியோரே எப்போதும் விடுபடுவோர். அவர்களின் பெயரை முதலில் எழுதுங்கள்.

முடிவாக, நல்ல சமாரியரை நினைத்துக்கொள்வோம். காயத்தைக் கட்டியதோடு அவர் போய்விடவில்லை. சத்திரக்காரரிடம் காசு கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். காயம் கட்டியது ஒரு நாள் வேலை. கணக்கை ஏற்றுக்கொண்டதும் திரும்பி வருவதாகச் சொன்னதுமே அந்த மனிதன் எழுந்து நடப்பதற்குத் துணையாயின. நாம் முதலாவதை நன்றாகச் செய்கிறோம். இரண்டாவதையும் கற்றுக்கொள்வோம்.

குடும்பமாகக் கலந்துரையாட

அ. இன்றிரவு நம் வீட்டைக் காற்று கொண்டுபோனால், நாம் யார், இவ்வீடு யாருடையது என்பதற்கு நாளை எதைக் காட்டுவோம்?

ஆ. நம் தெருவில் ஒரு படிவத்தைத் தனியே நிரப்ப இயலாதவர் யார்? அவர் பெயர் நமக்குத் தெரியுமா?

இ. சென்ற அனர்த்தத்தில் வீடிழந்த குடும்பங்களில் இன்னும் உதவி முழுதும் பெறாதவர் நம் பங்கில் உளரா? இவ்வாரம் அவர்களிடம் போகக்கூடியவர் நம் வீட்டில் யார்?